தானச் சோறும் தன்மானமும்

பெற்றோரை இழந்த குழந்தைகளையும், பெற்றோர் இருந்தும் வளர்க்க வகையற்றுப்போன குழந்தைகளையும் வைத்துக் காப்பாற்றும் இல்லங்கள் நம் நாட்டில் பல இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களில் உண்மையாய் உழைக்கின்றவர்களும் உண்டு என்பதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் அங்கு நடக்கும் ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

ஒரு கனவான் தமது பிறந்த நாளுக்கோ, தகப்பனார் திதிக்கோ ஒருவேளைச் சாப்பாடு போடுகிறார். இலை போட்டுச் சோறும் பரிமாறியாகிவிட்டது. குழந்தைகள் சாப்பிடலாமா? கூடாது. கனவான் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின் எழுந்து நின்று, கைகூப்பி, அவர் குடும்பம் தழைக்க வேண்டுமென்று பிரார்த்தனை பாட வேண்டும். படம் பிடித்தாக வேண்டும். அதன் பிறகே சோற்றில் கை வைக்கலாம். ஆண்டு விழா வந்தாலோ, அதே குழந்தைகளுக்கு வேஷம் கட்டி, யாரோ எழுதிக்கொடுத்த நன்றிப் பாட்டுக்கு ஆடவைத்து, “எங்கள் குழந்தைகளின் கலைத்திறமையைப் பாரீர்” என்கிறார்கள்.

இது கலையா, அல்லது தின்ற சோற்றுக்குக் கொடுக்கும் கூலியா என்று கேட்கின்றோம். கனவானுக்குக் கிடைக்கும் புண்ணியத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் குழந்தைக்குக் கிடைப்பது பிரத்தியட்சம். ‘நான் பிறர் தயவில் பிழைப்பவன், கொடுத்தவன் முன் குனிய வேண்டியவன்’ என்கின்ற பாடம் சோற்றோடு சோறாக உள்ளே போகின்றது. மேல்சாதிக்காரனைக் கண்டால் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள் என்று சொன்ன புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வேறு விதமாக நடத்த முடியுமா என்றால், நடத்திக் காட்டியிருக்கிறார்கள். போலந்து நாட்டு வார்சா நகரில் 1912இல் யானுஷ் கோர்ச்சாக் என்ற வைத்தியர், யூத அநாதைக் குழந்தைகளின் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கே குற்றங்குறைகளை விசாரிக்கக் குழந்தைகளே நீதிபதிகளாய் அமர்ந்த நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள் மீதும் அதில் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே அதன் முன் நின்றிருக்கிறார். இல்லத்துக்கென்று ஒரு பத்திரிகையும் இருந்தது. வாரந்தோறும் அதை எல்லோர் முன்னிலையிலும் படிப்பார்கள். 1926 அக்டோபர் 9ஆம் தேதி, யூதர்களின் போலந்து மொழித் தினசரி ஒன்றோடு, குழந்தைகள் எழுதும் வாரப் பதிப்பு ஒன்றையும் அவர் ஆரம்பித்தார். ‘சிறு கண்ணோட்டம்’ என்பது அதன் பெயரின் பொருள். ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த 1939 செப்டம்பர் 1 வரை அது வெளிவந்தது.

பிறகு அவ்வில்லத்தை யூதர்களை அடைத்து வைத்த சேரிக்குள் தள்ளினார்கள். பசியும் நோயும் தின்றுகொண்டிருந்த அவ்விடத்தில், 1942 ஜூலை 18ஆம் தேதி அக்குழந்தைகள் வங்காளத்துத் தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகத்தை நடித்தார்கள். மூன்று வாரங்களுக்குள், ஏறக்குறைய இருநூறு குழந்தைகளும், கோர்ச்சாக்கும், அவருடன் முப்பது ஆண்டு உழைத்த ஸ்டெபானியா வில்சின்ஸ்கா அம்மையாரும் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நாடகம் அவர்களைக் காப்பாற்றவில்லை. எந்தக் கடவுளும் காப்பாற்றவில்லை. ஆனால் அக்குழந்தைகள் அன்று மேடையில் நின்றது யாருக்கும் நன்றி சொல்வதற்காக அல்ல. ரொட்டிக்கே வழியற்ற இடத்தில் இது முடிந்ததென்றால், மூன்று வேளைச் சோறு இருக்கும் இடத்தில் ஏன் முடியாது?

சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் 2016இல் இந்திய சர்க்கார் வெளியிட்ட மாதிரி விதிகள், ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகள் மாத்திரமே அடங்கிய கமிட்டிகள் வேண்டும் என்கின்றன. சுவர்ப் பத்திரிகை, செய்தித் தாள், ஓவியம், சங்கீதம், நாடகம் ஆகியவற்றின் மூலம் அவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை வெளியிட ஊக்கமளிக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றன. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, இப்படிப்பட்ட குழந்தையை இன்னாரென்று அடையாளம் காட்டும் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் வெளியிடுவதைத் தடுக்கிறது. நடப்பதென்ன? சட்டம் தடுத்த படம் கனவான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வெளிவருகிறது. சட்டம் செய்யச் சொன்ன சுவர்ப் பத்திரிகையை எத்தனை சுவர்களில் காண முடிகிறது?

“பேனாவைக் கொடுத்தால் எங்களையே குறை எழுதுவார்கள், கட்டுப்பாடு கெடும்” என்று சில நிர்வாகிகள் சொல்லக்கூடும். எழுதட்டுமே! குழம்பில் பருப்பில்லை என்று எழுதினால், பருப்புப் போடுவதா, பேனாவைப் பிடுங்குவதா, எது யோக்கியம்? அடிக்கிறார்கள் என்று எழுதினால், அதுவல்லவா முதலில் வெளியே வர வேண்டிய சேதி?

மற்றும், கூடிச் செய்யும் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. நாடகமென்றால் ஒருவன் எழுத வேண்டும், ஒருத்தி திரை தைக்க வேண்டும், ஒருவன் விளக்குப் பிடிக்க வேண்டும். ‘இந்த வசனம் ஏன்?’ என்று ஒருவரையொருவர் கேட்டு, சண்டையிட்டு, சமாதானமாக வேண்டும். அங்கே எவனும் தானம் வாங்குகிறவனல்ல. ஒவ்வொருவனும் மற்றவனுக்கு வேண்டியவன். பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளை, வாடகைக்கு அறை கேட்கவும், கூலி குறைந்தால் வாய் திறக்கவும் எங்கே கற்றுக்கொள்ளும்? வரிசையில் நின்று கைகூப்பியா கற்றுக்கொள்ளும்?

ஆகவே இல்ல நிர்வாகிகளை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: வாரத்தில் ஒரு மாலையையும் ஒரு சுவரையும் குழந்தைகளுக்கு விட்டுவிடுங்கள். என்ன எழுதுவது, என்ன நடிப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பணம் கொடுக்கும் கனவான்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம்: சாப்பாடு போடுங்கள், கூடவே காகிதமும் வர்ணமும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் பிரார்த்தனைப் பாட்டுக்கு நிற்காமல் வீடு போய்ச் சேருங்கள். குழந்தைகளே ஒரு நாள் தாங்கள் போடும் நாடகத்துக்கு அழைத்தால், அப்பொழுது போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள்.