கிருமிநாசினியிலேயே கிருமி!

திருவண்ணாமலை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வாசலில் வந்து நிற்பவர்கள் யார்? செங்கம், தண்டராம்பட்டு, போளூர் பக்கத்து விவசாயக் கூலிகள். ஆலையில் கை நசுங்கிய தொழிலாளிகள். பிரசவத்துக்கு வரும் நம் வீட்டுப் பெண்கள். பணக்காரனுக்கு வேலூரும் சென்னையும் இருக்கின்றன. ஆகவே வார்டுத் தரையைத் துடைக்கும் தண்ணீரும், நர்சம்மா கை கழுவும் சோப்பும் நம்முடைய பிரச்னைகளே.

மருந்து வாடை அடித்தால் சுத்தம் என்று நாம் நம்புகிறோம். அது எப்போதும் உண்மையல்ல. சூடோமோனாஸ் என்றொரு கிருமி உண்டு. குழாய், வாளி, ஈரத் துடைப்பம் என்று ஈரம் கண்ட இடமெல்லாம் அது குடியேறும். சிலவகைக் கிருமிநாசினிகளில் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்து நாள் கணக்கில் வைத்தால், அது சாவதில்லை, அதிலேயே பெருகும்! திடமான ஆளை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. தீப்புண், ஆபரேஷன் புண், குறைமாதக் குழந்தை என்றால் உயிருக்கே உலை வைக்கும்.

இது புதுச் செய்தியும் அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காம் விபத்து ஆஸ்பத்திரியின் டாக்டர் லோபரி, செட்ரிமைடு என்ற கிருமிநாசினிக் கரைசலிலேயே இந்தக் கிருமி இருந்ததை 1951லேயே எழுதினார். புட்டியின் கார்க் மூடி அதற்கு வீடாக இருந்தது. 2011ல் வெளியான ஓர் ஆராய்ச்சி அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றியது. அங்கே காலியாகக் காலியாகச் சோப்பு நீரை ஊற்றி நிரப்பிய 14 பெட்டிகளிலும் கிருமி. கை கழுவியபின் கையில் ஒருவகைக் கிருமிகள் 26 மடங்கு கூடியிருந்தன! ஆராய்ச்சியில் பங்கு கொண்டது அடைத்த சோப்புப் பை விற்கும் கம்பெனி. அதன் வியாபார அக்கறை நமக்குப் புரிகிறது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

சீமைக் கதை என்று தள்ளிவிட முடியுமா? 2023ல் சென்னைக்கு அருகே திருப்போரூரில் குளோபல் பார்மா கம்பெனி செய்து அனுப்பிய கண் சொட்டு மருந்தை, அமெரிக்க சுகாதார அதிகாரிகள் இதே சூடோமோனாஸ் நோயுடன் இணைத்தார்கள். 18 மாநிலங்களில் 81 பேருக்கு நோய், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் மாண்டனர். அமெரிக்க அதிகாரிகள் கடல் தாண்டி வந்து ஆலையைச் சோதித்து, குறைகளைப் பட்டியல் போட்டார்கள். அமெரிக்கன் கண்ணுக்கு ஆபத்து என்றதும் வந்த சோதனை, நம் வார்டு வாளிக்கு எப்போது வரும்?

தவறு நடந்தால் முதலில் யார்மீது பாய்வார்கள்? துடைப்பம் பிடித்த பெண் தொழிலாளிமீதுதான்! தமிழ்நாட்டின் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் துப்புரவு வேலை தனியார் கம்பெனிகளுக்குக் காண்டிராக்டாக விடப்பட்டிருக்கிறது. ஒரு கேனைப் பத்து நாள் ஓட்டு என்று மேஸ்திரி சொன்னால் அவள் என்ன செய்வாள்? தண்ணீர்தான் கலப்பாள். பழைய கேனைக் கழுவிக் காயவைக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை என்றால் மிச்சத்தின் மேலேயே புதுசை ஊற்றுவாள். மிச்சமாகும் காசு அவள் முந்தானையில் முடியப்படுவதில்லை.

மருந்து வாங்கிச் சோதித்து அனுப்ப 1994ல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அமைக்கப்பட்டது. அது நல்ல காரியம். அதே கண்டிப்பு தரை துடைக்கும் மருந்துக்கும் சோப்புக்கும் வேண்டும். கரைசலை அன்றன்று அளந்து கலக்க வேண்டும். கேனின்மேல் திறந்த தேதி எழுத வேண்டும். வார்டில் இருக்கும் கரைசலையே எடுத்து லாபரட்டரியில் சோதித்து, முடிவை வாசலில் ஒட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடரை வெயிலில் திறந்து போட்டால் வீரியம் போய்விடும். அதை வைக்க நிழலான அறை கொடுக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்குப் பயிற்சி, கையுறை, நிரந்தர வேலை வேண்டும்.

பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடும் ஊர் இது. தீபத்துக்கு முன்னால் நடக்கும் அதிகாரிகள் கூட்டத்தில் ரோடும் பஸ்ஸும் பேசப்படும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் ஆலைத் தோழர்களும் துப்புரவுத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாளியையும் அங்கே பேச வைக்க வேண்டும்.