கானான்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

சென்ற மாதம் ஏற்காட்டில், காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஹாண்டலின் 'எகிப்தில் இஸ்ரவேல்' கேட்டோம். வேடமோ நடிப்போ இல்லாமல் பாடியே கதை சொல்லும் ஓரட்டோரியோ அது. 1739 ஏப்ரல் 4 அன்று லண்டனில் முதன்முதலாக அரங்கேறியது. கதை நமக்குத் தெரிந்ததுதான்: அடிமைகள், பார்வோன், வாதைகள், செங்கடல். தவளைகள் வரும்போது வயலின்கள் துள்ளுகின்றன. கல்மழை பெய்யும்போது மேளம் இடிக்கிறது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

எங்களை யோசிக்க வைத்தது வேறு. இதில் மோசேக்கென்று தனிப் பாத்திரம் கிடையாது. இரண்டு பாடகர் குழுக்கள் மாறி மாறியும் சேர்ந்தும் பாட, சனமே தன் கதையைச் சொல்கிறது. தலைவரின் கட்அவுட்டுக்குக் கீழே நின்றே பழகிவிட்ட நமக்கு இதில் பாடம் உண்டு. வைக்கோலைக் கொடுக்காமல், செங்கல் கணக்கை மட்டும் குறைக்காத ஆளோட்டிகளை யாத்திராகமத்தில் படித்திருக்கிறோம். முன்பணம் வாங்கிச் சூளையில் சிக்கிக்கொண்ட நம் சனத்துக்கு அந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பாடுவது யார் என்றும் பார்க்க வேண்டும். அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பணம் போட்டவர் ஹாண்டல். இந்த மலையிலும் அப்படித்தான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் தோட்டங்களும் தேவாலயங்களும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை யாத்திராகமம் கேட்ட துரைமார்களில் எத்தனை பேர் தம்மைப் பார்வோனாகப் பார்த்திருப்பார்கள்?

கடைசிப் பகுதியில், கானான் தேசத்தார் எல்லோரும் பயந்து உருகிப்போவதாகக் குழு பாடுகிறது. அங்கே ஒரு மாணவி நிறுத்தச் சொன்னாள். "அக்கா, அந்தக் கானான்காரங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் இதைத்தான் கேட்டார். விடுதலைக் கதையாக எல்லோரும் கொண்டாடும் யாத்திராகமத்தை அவர் கானானியரின் பக்கம் நின்று படித்தார். சேர்வராயன் மலையில் அந்தக் கேள்விக்கு முகம் உண்டு. இது மலையாளிப் பழங்குடிகளின் மலை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் பழங்குடி நிலத்துக்குப் பாதுகாப்புத் தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதியாகத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூட அறிவிக்கப்படவில்லை.

கீழேயிருந்து பிழைக்க வந்த தலித் குடும்பங்களுக்கு எஸ்டேட் லைன் வீடுதான் வீடு. வேலை போனால் அதுவும் போகும். வீட்டுமனைப் பட்டா கேட்பது நம் உரிமை, அதில் சமரசம் இல்லை. ஆனால் எந்த நிலத்தில் கேட்கிறோம்? தலைமுறை தலைமுறையாக நாம் உழைத்த எஸ்டேட் நிலத்தில் கேட்போம். மலையாளி மக்களின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் காட்டி, "அங்கே போங்கள்" என்று அதிகாரி சொன்னால் மறுப்போம். இரண்டு ஏழைகளை மோதவிட்டு எஸ்டேட்டைக் காப்பாற்றும் வேலை அது.

தோழர்களே, இந்த இசையை வெள்ளைக்காரன் பாட்டு என்று ஒதுக்க வேண்டாம். அடிமைச் சனம் தன் கதையைத் தானே பாடுவது நமக்குச் சொந்தமானதுதான். ஆனால் நம் பாட்டில் கானானியர் நடுங்கக் கூடாது. அடுத்த மனுவில் நம் பட்டாவோடு, 2006 வன உரிமைச் சட்டப்படி மலையாளி மக்களுக்குச் சேர வேண்டிய உரிமையையும் சேர்த்தே எழுதுவோம். எழுதும் முன் அவர்களோடு உட்கார்ந்து பேசுவோம்.