எட்டாம் வகுப்பின் தேர்வு, எல்லோரின் பொறுப்பு

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது பதினான்கு வயது வரைதான். ‘எட்டாவது முடித்தாயிற்று, இனி ஒரு வேலைக்குப் போகட்டும்’ என்ற பேச்சு ஏழை வீடுகளில் எழுவதும் அந்த வயதில்தான். அந்தப் பேச்சுக்கு மாற்றாக மத்திய அரசு 2008இல் தொடங்கியதே தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் திட்டம். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தேர்வானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் இடங்கள், தமிழ்நாட்டுக்கு 6,695.

தேர்வில் இரண்டு பகுதிகள். ஒன்று, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களைச் சோதிப்பது. மற்றொன்று மனத்திறன் தேர்வு: எண் தொடர், குறியீட்டு எழுத்துகள், விடுபட்ட படம் என 90 நிமிடத்தில் 90 கேள்விகள். இந்தப் பாதி எந்தப் பாடநூலிலும் தனிப் பாடமாக இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளிருந்தால் சில மாதங்களில் பிடிபட்டுவிடும். இல்லாவிட்டால், கெட்டிக்காரப் பிள்ளையும் முதல் பக்கத்திலேயே திகைத்து நிற்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எந்தக் கேள்வியையும் விடாதே என்பதைக்கூட ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து பயிற்சி தரும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களின் ஈடுபாட்டை மட்டும் நம்பி ஒரு மாநிலத் திட்டம் நடக்கக் கூடாது. ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரத்தை அவர்கள் தரலாம். பழைய வினாத்தாள்களை நகலெடுத்துக் கொடுக்கும் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கலாம். ‘தேறக்கூடியவர்கள்’ என்று நாலு பேரை மட்டும் பொறுக்காமல், தகுதியுள்ள அனைவருக்கும் விண்ணப்பிப்பது தலைமை ஆசிரியரின் கடமை. பயிற்சி நாளில் பிள்ளையைக் களையெடுக்கவோ கடையைப் பார்த்துக்கொள்ளவோ அழைக்காமலிருப்பது பெற்றோரின் பங்கு. வருமானச் சான்றுக்காக ஒரு கூலித் தொழிலாளி இரண்டு நாள் சம்பளத்தை இழக்காதபடி பார்ப்பது வருவாய்த் துறையின் பங்கு.

தேர்ச்சிக்குப் பிறகுதான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். நடுநிலைப் பள்ளியில் படித்துத் தேறிய மாணவி ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறாள். பயிற்சி தந்த ஆசிரியர் அங்கே இல்லை. புதிய பள்ளிக்கு அவள் தேறியவள் என்பதே தெரியாமல் போகலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் உரிய நாளுக்குள் பதிவு செய்து, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தால்தான் பணம் வரும். ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று இன்ஷியல் மாறியிருந்தாலும் சிக்கல்தான். தேறியவர்களின் பட்டியலை எட்டாம் வகுப்புப் பள்ளி அடுத்த பள்ளியிடம் கையோடு ஒப்படைக்க வேண்டும். அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர் பெயர் சொல்லி அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

தேர்வாகாத பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. கற்ற கணக்கும் பழகிய சிந்தனையும் வீணாவதில்லை. கிராமப்புற மாணவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு காத்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக எந்த வீடும் படிப்பை நிறுத்திவிடக் கூடாது. அப்படியொரு பேச்சு எழும் வீட்டு வாசலுக்கு ஆசிரியரும் வார்டு உறுப்பினரும் சேர்ந்தே போக வேண்டும்.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புவோம்: நம் பள்ளியில் யார் யார் விண்ணப்பிக்கிறார்கள்? யார் பயிற்சி தருகிறார்கள்? போன ஆண்டு தேறியவர்களுக்குப் பணம் வந்ததா? மூன்றுக்கும் பெயரோடும் கணக்கோடும் பதில் கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.