வகுப்பறைச் சன்னலுக்கு ஏற்ற செடி



அறிவியல் பாடத்தில் பச்சைப்பயறு முளைக்க வைக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஈரப்பஞ்சில் இட்ட பயறு ஓரிரு நாளில் முளைவிடும். ஒரு வாரத்தில் சாண் உயரம் வளரும். படம் வரைந்து முடித்ததும் குப்பைத் தொட்டிக்குப் போகும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் முதல் நாமும் இதனையே செய்து வந்தோம். அதில் குற்றமில்லை. ஆயினும், செடி வளர்ப்பு என்பது இவ்வளவே எனப் பிள்ளைகள் எண்ணிவிடுதல் பெருங்குறை என்பது நம் கருத்து. மிக மெதுவாக வளரும் செடியொன்றும் வகுப்பறையில் இருத்தல் வேண்டும். முதலாம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகளே ஆறாம் ஆண்டு வரை காத்து வளர்த்தல் வேண்டும்.

இவ்வெண்ணம் நமக்குத் தோன்றியதற்கு ஒரு தோல்வியே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர்களைக் கேமரன் மலைக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். அங்குப் பிரிஞ்சாங் கடைகளில் சிறு தொட்டிகளில் கள்ளி வகைகளும் சதைப்பற்றுள்ள செடிகளும் விற்பனைக்கு இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் காசு சேர்த்து மூன்று தொட்டிகள் வாங்கினர். இரண்டு வகுப்பறைக்குச் சென்றன. நீர் ஊற்றுவதற்கு முறைப்பட்டியலும் எழுதி ஒட்டப்பட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒருவராக, அன்போடு ஊற்றினார்கள். இரண்டே மாதத்தில் இரண்டும் அடியழுகிச் சாய்ந்தன. மூன்றாவது செடி இடமின்மையால் நம் அலுவலகச் சன்னலில் வைக்கப்பட்டது. வேலை மிகுதியில் அதனை நாம் மறந்தே போனோம். அது பிழைத்துக்கொண்டது! தலைமையாசிரியரின் மறதியும் ஒரு செடிக்கு உதவும் என்பதை அன்று அறிந்தோம்.

அச்செடியின் பெயர் ஹவோர்த்தியா. ஏட்ரியன் ஹவோர்த் என்னும் ஆங்கிலத் தாவர அறிஞரின் பெயரால் வழங்குவது. தென்னாப்பிரிக்கா இதன் தாயகம். நம் வீட்டுச் சோற்றுக் கற்றாழைக்கு இது நெருங்கிய உறவு. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உருவம்; கரும்பச்சை இலைகளில் வரிக்குதிரையைப் போல் வெண்கோடுகள். தன் நாட்டில் இது பெரும்பாலும் புதர்களின் நிழலில் வாழ்வதால், வீட்டுச் சன்னலின் வெளிச்சமே இதற்குப் போதும். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. இதுவோ பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. ஈரம் வீணாகாமல் காக்கும் ஏற்பாடு அது. அத்துடன் தடித்த இலைகளிலும் நீரைச் சேமித்து வைத்திருக்கிறது. இத்தகைய செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றுவது, வயிறு நிறைய உண்டவனுக்கு வேளைதோறும் சோறு திணிப்பதை ஒக்கும். மேலும், நம் நாட்டில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றே ஈரமானது. தொட்டி மண் எளிதில் உலர்வதில்லை.

ஆகவே மண்ணில்தான் முதற்கவனம் வேண்டும். தோட்டத்துக் களிமண் உதவாது. பருமணல், பொடித்த செங்கல், சிறிது கரித்துண்டு ஆகியவற்றோடு கொஞ்சம் மக்கிய உரம் சேர்த்தால் போதும். தொட்டியின் அடியில் துளை இருந்தே ஆக வேண்டும். சாத்தே குச்சி ஒன்றை மண்ணில் அடிவரை செருகி எடுங்கள். ஈரமண் ஒட்டியிருந்தால் நீர் வேண்டாம். காய்ந்து வந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். நம் அலுவலகச் செடிக்குப் பத்து, பதினான்கு நாளுக்கு ஒருமுறை போதுமானதாக இருக்கிறது. மழைக்காலத்தில் மூன்று வாரமும் ஆகும். இலைகளின் நடுவே நீர் தேங்க விடலாகாது. செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி அள்ளிவந்து போட்டுவிடாதீர்கள். அத்துடன் கதை முடிந்துவிடும்.

செடியும் தன் நிலையைத் தானே கூறும். இலை செம்பழுப்பாக மாறினால் வெயில் அதிகம். வெளுத்து நீண்டு ஒருபக்கம் சாய்ந்தால் வெளிச்சம் குறைவு. நுனி சுருங்கினால் தாகம். அடிப்பாகம் கொழகொழவென்றானால் அழுகல். உடனே பிடுங்கி, அழுகியதை வெட்டி எறிந்து, நிழலில் சில நாள் உலர்த்தி, உலர்ந்த மணலில் மீண்டும் நடலாம். அன்று நமக்கு இது தெரிந்திருந்தால் அந்த இரண்டு செடிகளையும் காப்பாற்றியிருக்கலாம்.

இப்பொறுமை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. இரப்பர் கன்றை நட்டு ஐந்து முதல் ஏழாண்டுகள் காத்திருந்த பிறகே கத்தி வைத்தார்கள் நம் முன்னோர். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். ஓய்வின்றிச் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவியதன் காரணம் அதுவே. மரத்துக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரு சிறு செடியை நீரால் மூழ்கடிப்பது நமக்கு வருத்தம் தருகிறது. பிள்ளைகளை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. எனினும், பள்ளி திறந்த இரண்டாம் வாரமே, "ஐயா, என் மகன் இன்னும் வாசிக்கவில்லையே" என்று கண்கலங்கி வரும் தாய்மார்களை நாம் இன்றும் காண்கிறோம். அவர்களை அமரச் செய்து அந்தச் சன்னல் செடியைக் காட்டுவது நம் வழக்கமாகிவிட்டது.

முள்செடி வீட்டுக்கு ஆகாது, சண்டை வரும் என்பார் சிலர். இதன் இலையில் உள்ளவை வெண்புள்ளிகளே, முள் அல்ல. மெதுவாக வளர்வதைக் கண்டு பிள்ளைகள் சலிப்படைவர் என்றார் நம் ஆசிரியர் ஒருவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. அதனால்தான் மாதத்தின் முதல் திங்களன்று இலைகளை எண்ணி ஏட்டில் குறிக்கும்படி மூன்றாம் ஆண்டு மாணவரைப் பணித்தோம். ஆண்டுத் தொடக்கத்தில் 19 இலைகள்; ஆண்டிறுதியில் 24. பல மாதங்களில் எண்ணிக்கை மாறவே இல்லை. புதிய இலை தலைகாட்டிய அன்று, எண்ணிய மாணவி அலுவலகத்துக்கு ஓடிவந்து சொன்னாள். பயறு முளைத்ததற்காக இதுவரை எவரும் அப்படி ஓடி வந்ததில்லை.

நீண்ட விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும்போதும் இச்செடி தாங்கிக்கொள்கிறது. இப்போது தாய்ச்செடியின் அடியில் நான்கு பக்கக் கன்றுகள் உள்ளன. ஒன்று முதலாம் ஆண்டு வகுப்புக்கு. மற்ற மூன்றையும் கேட்கும் பெற்றோருக்குத் தர எண்ணியுள்ளோம். வேண்டுவோர் ஒரு பழைய பால் டின் கொண்டுவந்தால் போதும். அடியில் ஆணியால் நான்கைந்து துளைகள் இட்டுக் கொண்டுவருக.