ஸ்ப்ரே கன் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

போன வாரம் நம்ம கிளாஸ்ல ரெண்டு பேர் தனித்தனியா வந்து ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "மச்சி, பைக்குக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கப் போறேன். கம்மி விலையில எந்த ஸ்ப்ரே கன் வாங்கலாம்?" மூலக்கொத்தளத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில அப்பாவோட பழைய வண்டிக்கு நான் பெயிண்ட் அடிச்ச கதை அவனுங்களுக்குத் தெரியும், அதான். ரெண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் கோபமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல நல்ல செய்தி. விலை கம்மியான கன் போதும். இவாட்டா, சாட்டான்னு வெளிநாட்டு கன் இல்லாம ஃபினிஷிங் வராதுன்னு பயமுறுத்தறவங்களை நம்பாதீங்க. தினம் பத்து கார் அடிக்கிற கடைக்கு அது வேணும். நமக்கு ஒரு டேங்க், ரெண்டு சைடு பேனல், ரெண்டு மட்கார்டு. ஆயிரம் ரூபா சுத்துவட்டாரத்துல கிடைக்கிற, மேல கப் வெச்ச சின்ன கன் தாராளமா போதும். நாசில் 1 மி.மீ. பக்கம் இருக்கட்டும். நம்ம திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியை எடுத்துக்கோங்க, 1955-ல ஆரம்பிச்சது. புல்லட் டேங்க்ல இருக்கிற தங்கக் கோட்டை அங்க வெறும் பிரஷ்ஷால, கையாலேயே இழுத்தாங்க. அழகு கையில இருக்கு, கருவியோட விலையில இல்ல.

பெரிய எச்.வி.எல்.பி. கன் வாங்கித் தொலைக்காதீங்க. பெயிண்ட் வீணாகாதுங்கிறது உண்மைதான். ஆனா அது நிமிஷத்துக்கு 8 கன அடிக்கு மேல காத்து கேக்கும். ஒரு ஹெச்.பி. கம்ப்ரஸர் 3, 4 கன அடி கொடுத்தாலே பெருசு. பாதி டேங்க் அடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கிடும், அப்புறம் பெயிண்ட் பொடிப்பொடியா துப்பும். கன்னைத் திட்டுவீங்க, பாவம் அது என்ன பண்ணும்?

கம்ப்ரஸருக்கும் கன்னுக்கும் நடுவுல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு கட்டாயம் போடுங்க. நம்ம ஊர் கடற்காத்துல இருக்கிற ஈரம் அப்படியே குழாய் வழியா வந்து டேங்க்ல கொப்புளமா உக்காரும். சாயங்காலம் ஈரக்காத்துல அடிச்சா நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் வெள்ளையா பூத்துடும். வெயில் ஏறின பிறகு, கடற்காத்து உள்ள வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க.

நிற்க. கன் மேட்டர் அவ்வளவுதான். இனிமேதான் விஷயமே.

பழைய நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்ல பெட்ரோல் சிந்தினா கரைஞ்சுடும். அதனால எல்லாரும் 2கே கிளியர் கோட் அடிக்கச் சொல்றாங்க. பளபளன்னு இருக்கும், பெட்ரோலுக்கும் அசையாது. அதுக்குக் கலக்கிற ஹார்டனர் டப்பாவோட பின்பக்கத்தை எத்தனை பேர் படிச்சிருக்கீங்க? அதுல இருக்கிறது ஐசோசயனேட். 1984 போபால்ல கசிஞ்ச மெத்தில் ஐசோசயனேட்டும் இந்தக் குடும்பம்தான். ரெண்டும் ஒண்ணு இல்ல, இது அவ்வளவு சுலபமா ஆவியாகாது. ஆனா நாம என்ன பண்றோம்? கன்னுல போட்டுப் பனி மாதிரி ஆக்கி, நாமளே காத்துல விடறோம். இது உள்ள போய்ப் போய் ஒருத்தருக்கு ஆஸ்துமா வந்துட்டா, அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். ஆபத்தான அளவுல இருந்தாலும் வாசனையே தெரியாம போகலாம். கர்ச்சீப், கொரோனா மாஸ்க் எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. 2கே ஸ்ப்ரே பண்ணா வெளியிலிருந்து சுத்தமான காத்து வர்ற முகமூடி போடணும்னு பிரிட்டன்ல சொல்றாங்க.

எனக்கு இது தெரியாது. கர்ச்சீப் கட்டிக்கிட்டு மாடியில ஜாலியா அடிச்சுக்கிட்டு இருந்தேன். துணி எடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா, "ஏன்டா தம்பி, என்னடா இது, நெஞ்சை அடைக்குதே"ன்னு இருமிக்கிட்டே படியிலேயே உக்காந்துட்டாங்க. அவங்க இடுப்புல கைக்குழந்தை. அக்காவுக்கு ஒண்ணும் ஆகல, குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னிக்கு டேங்க்ல என் மூஞ்சி தெரியற அளவுக்கு வந்த பளபளப்பை என்னால ரசிக்க முடியல.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சு, ஜனங்க தூக்கத்துல எழுந்து ஓடினப்போ நாம எல்லாரும் கொதிச்சோம். வடசென்னைன்னா இளக்காரமான்னு கேட்டோம். கேட்டது நியாயம். அதே வாயால, சுவர் ஒட்டி சுவர் இருக்கிற தெருவுல, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா நின்னு ஐசோசயனேட் அடிக்கலாமா? கம்பெனி பண்ணா அநியாயம், நாம பண்ணா பொழுதுபோக்கா?

"ஷெட்ல அண்ணனுங்க முப்பது வருஷமா கர்ச்சீப்தான் கட்டறாங்க, நல்லாத்தானே இருக்காங்க"ன்னு ஒருத்தன் சொன்னான். ராசா, மூச்சு போனவங்க வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்திருப்பாங்க. அவங்களை நீ ஷெட்ல எப்படிப் பாப்ப?

இதுல ஒரு வேடிக்கை. அமெரிக்காவுல டிவில்பிஸ்ங்கிற டாக்டர், நோயாளிங்க தொண்டையில மருந்து தெளிக்க ஒரு கருவி செஞ்சார். அதை வெச்சு அவர் பையன் 1907-ல பெயிண்ட் அடிக்கிற கன் பண்ணார். தொண்டைக்கு வைத்தியம் பாக்க வந்த சாமான், நாம அதாலயே நெஞ்சைக் கெடுத்துக்கறோம்.

சரி, என்னதான் பண்றது? என் கணக்கு இதுதான்:

1. கன் மலிவா வாங்குங்க. மிச்சமாகிற காசுல கரி ஃபில்டர் வெச்ச அரை முகமூடி வாங்குங்க. தின்னர் ஆவிக்கே அது வேணும்.

2. உப்புத்தாள் தேய்க்கிறது, பட்டி பாக்கிறது, ஹார்டனர் கலக்காத பிரைமர், கலர் வரைக்கும் நீங்களே பண்ணுங்க. வேலையில முக்கால்வாசி அதுதான். டேங்க்கைக் கழட்டி பெட்ரோலைச் சுத்தமா வடிச்சுட்டு, காத்தோட்டமா இருக்கிற இடத்துல, அக்கம்பக்கத்துல சொல்லிட்டு அடிங்க. பக்கத்துல நெருப்பே கூடாது.

3. கடைசி 2கே கோட்டை மட்டும் ஒழுங்கான பூத், காத்து வர்ற முகமூடி வெச்சிருக்கிற கடையில கொடுங்க. அடிக்கிறவருக்கு என்ன முகமூடின்னு கேட்டுட்டுக் கொடுங்க. நூறு, இருநூறு கூடக் கேட்டா பேரம் பேசாதீங்க. அப்படிக் கடை கிடைக்கலையா, 2கே வேண்டாம். பெட்ரோல் போடும்போது சிந்தினதைத் துணியால துடைச்சுக்கோங்க, கை தேஞ்சுடாது.

கன் எதுன்னு கேட்ட ரெண்டு பேருக்கும்: முகமூடி வாங்கிட்டு வந்து காட்டுங்கடா, கன்னு நானே ஓசியில தர்றேன் :)

டிஸ்கி: வேற கலர் அடிக்கிறதா இருந்தா ஆர்.சி. புக்குல கலர் மாத்த மறக்காதீங்க. அப்புறம் டிராஃபிக் போலீஸ் பிடிச்சா நான் பொறுப்பில்ல!