எண்பதுகள் பொற்காலம்... யாருக்கு?

2024-இல் 'லப்பர் பந்து' படம் வந்தது. அதில் 'பொன்மனச்செல்வன்' (1989) படத்துப் பாட்டு ஒலித்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. விசில் அடித்தவர்களில் பாதிப் பேர் 1989-இல் பிறக்கவே இல்லை. அதற்கு முன்பே, 2018-இல் '96' படம் பார்த்துவிட்டு இளையராஜா பாட்டைத் தேடித் தேடிக் கேட்டவர்களும் இதே வயசுதான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ரசனைதான். பிறக்காத காலத்தின் மேல் காதல் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. "உனக்கு என்ன தெரியும் எண்பதுகளைப் பத்தி?" என்று மடக்கும் பெரிசுகளைக் கண்டுகொள்ளவும் வேண்டியதில்லை.

பிரச்சினை அடுத்த வரியில்தான் வருகிறது. "அதெல்லாம் பொற்காலம்டா! இப்ப எல்லாம் குப்பை." இங்கேதான் இடிக்கிறது.

முதல் விஷயம், கைக்கு வந்திருப்பது எண்பதுகள் அல்ல, எண்பதுகளின் வடிகட்டிய சாறு. அன்றைக்கும் ஆண்டுக்கு நூறு படங்களுக்கு மேல் வந்தன. அவற்றில் எத்தனை இன்று யாருக்காவது நினைவிருக்கிறது? 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987) மாதிரி சிலதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காலம் குப்பையில் போட்டுவிட்டது. அன்றைய படங்களில் கற்பழிப்புக் காட்சி கிட்டத்தட்ட ஒரு ஃபார்முலா. கெடுத்தவனுக்கே கட்டி வைக்கச் சொல்லும் பஞ்சாயத்தும் உண்டு. அதையெல்லாம் யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை! நாற்பது வருடம் சலித்த அரிசியையும் இன்று காலை அறுத்த நெல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எது ஜெயிக்கும்? அன்றைக்கே கூட, "விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலம் மாதிரி வருமா?" என்று அலுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்துப் பதிவு செய்த கேசட்... இதெல்லாம் அழகுதான். ஆனால் டிவி இருந்தது தெருவில் ஒரு வீட்டில். உள்ளே உட்கார்ந்தவர்கள் யார், ஜன்னலில் தொங்கியவர்கள் யார், ஜன்னல் பக்கமே வர முடியாதவர்கள் யார்?

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் அத்தனை பேர் இருந்ததால்தானே அது தேவைப்பட்டது? 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர்தான். 2011-இல் அது 73 ஆனது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலையை 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது 1986-இல். அதே 'மௌன ராகம்' வந்த வருடம்!

இன்று கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, "அந்தக் காலத்துல பொறந்திருக்கணும்" என்று பெருமூச்சு விடுகிறவர்களை அப்படியே 1984-க்குத் தூக்கிக்கொண்டு போனால் எத்தனை பேருக்கு அங்கே பெஞ்சில் இடம் இருக்கும்? பெண்கள் எத்தனை பேர்? வீட்டில் முதல் பட்டதாரிகள் எத்தனை பேர்? பொற்காலம் என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போது இவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள். அது ரசனை இல்லை, மறதி.

அதற்காகப் பாட்டை நிறுத்த வேண்டாம். தாராளமாகக் கேட்கலாம். அந்தப் பத்தாண்டை நேசிக்கிறவர்கள் அதை முழுசாக நேசிக்கட்டும். அதன் இசையோடு, அது போட்ட சாப்பாட்டோடு, அது செய்த அநியாயத்தோடும்.

அடுத்த முறை இளையராஜா பாட்டு ஓடும்போது வீட்டில் அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்தப் பாட்டு வந்தப்போ நீ எத்தனாவது படிச்சுக்கிட்டு இருந்த?"

நிறைய வீடுகளில் பதில், "அதுக்குள்ள நிப்பாட்டிட்டாங்க" என்றுதான் வரும்.