பல்கலைக்கழகத்தின் பசுமை ஏரிக்கரைக்கு வரட்டும்

காலாப்பட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் 1985-ல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம், நூற்றுக்கணக்கான ஏக்கரில் மரங்கள் அடர்ந்த வளாகத்தைப் பேணி வருகிறது. கூரைகளில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. சூழலியலுக்கும் புவி அறிவியலுக்கும் பசுமை ஆற்றலுக்கும் தனித்தனியே துறைகள் உண்டு. இவை எல்லாமே பாராட்டத்தக்கவை. ஆனால் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட நெட்டப்பாக்கம் கொம்யூனில் (உள்ளாட்சிப் பகுதியில்), கரியமாணிக்கத்தின் வயல் வரப்பில் நிற்கும் விவசாயிக்கு இவற்றால் என்ன கிடைத்தது? இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகமும், புதுச்சேரிக் கிராமப்புறச் சாலைகளை ஒட்டி வளர்ந்திருக்கும் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மண்ணில் உயர்கல்விக்கும் ஊருக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைச் சொல்கிறது. ஊர் விளைத்ததில்தான் அந்தக் கல்விச்சாலை நடந்தது. இன்றும் அரசின் பணம் என்பது மக்கள் பணம்தான். அதில் கரியமாணிக்கத்தின் பங்கும் இருக்கிறது. பெற்றுக்கொண்ட கல்வி நிறுவனம் திருப்பித் தர வேண்டிய முறை இது.

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் கணக்கில் உள்ளன. பெரியது ஊசுடு ஏரி, அடுத்தது பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பும் தென்பெண்ணை நீர், பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூருக்கு வருகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் விவசாயிகளின் சங்கங்களே ஏரிநீர்ப் பங்கீட்டையும் பராமரிப்பையும் கவனித்தன. பிறகு பொறுப்பு பொதுப்பணித்துறைக்குப் போனது. ஆழ்குழாய்க் கிணறு வந்ததும் ஏரியின் மேல் இருந்த அக்கறை கரைந்தது. மோட்டார் சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டும்போது வரத்து வாய்க்காலை வெட்டிவிட யார் போவார்கள்? 1990-களின் இறுதியில் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம், ஐரோப்பிய நிதியுதவியுடன் ஏரிகளைத் தூர்வாரி, ஊருக்கு ஊர் ஏரிச் சங்கங்களையும் மீண்டும் உருவாக்கியது. நல்ல முயற்சி. திட்டப் பணம் நின்ற பிறகும் சங்கம் நிற்க வேண்டுமென்றால், அதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். குறைந்தபட்சம், தன் ஏரியைப் பற்றிய கணக்காவது இருக்க வேண்டும்.

அந்தக் கணக்குதான் ஊரிடம் இல்லை. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. கடலோரத்தை ஒட்டிய பாகூர்ப் பகுதியில் உவர்நீர் உள்ளே ஏறுவதை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி வருகிறார்கள். முனைவர் பட்டங்கள் வாங்கப்படுகின்றன, ஆங்கில இதழ்களில் கட்டுரைகள் வருகின்றன. யாருடைய கிணற்றில் மாதிரி எடுத்தார்களோ, அவருக்கு முடிவு தெரிவதில்லை. கோடையில் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூப்பதையும், நாற்றின் நுனி கருகுவதையும் அவர் பார்க்கிறார். இந்த ஆண்டு நெல் வைக்கலாமா, உளுந்து போடலாமா என்று முடிவெடுக்க அந்த ஆய்வில் தெரிந்த உப்பின் அளவு அவருக்கு உதவியிருக்கும்.

இன்றைய சமுதாயப் பணி எப்படி நடக்கிறது? நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். 2014-ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஐந்து கிராமங்கள். தேசியத் தர மதிப்பீட்டின்போது காட்டப் புகைப்படங்கள். மாணவர்களின் ஆர்வத்தை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்கள். ஆனால் ஏழு நாளில் நடப்படும் மரக்கன்றுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத ஏற்பாடு, மாணவர் உழைப்பையும் ஊராரின் நம்பிக்கையையும் ஒருசேர வீணடிக்கிறது.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு இதே வட்டாரத்தில் சான்று உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கரியமாணிக்கத்துக்கு அருகில் உள்ள ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் இயங்கியது. ஊர்ப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயர முன்கணிப்பை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள், மீனவர்கள் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். செல்பேசி கைக்கு வராத காலத்தில், தேவைப்பட்டவரிடம் தேவைப்பட்ட நேரத்தில் செய்தி போய்ச் சேர்ந்தது.

எனவே நாம் கேட்பது இது. புதுச்சேரியில் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கல்லூரியும் ஓர் ஏரியைப் பத்தாண்டுக்கு ஏற்க வேண்டும். மதகுச் சுவரில் அளவுகோல் வரைந்து வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறிக்கட்டும். சுற்றியுள்ள கிணறுகளில் மாதம் ஒருமுறை நீரின் ஆழத்தையும் உப்பின் அளவையும் எடுக்கட்டும். உப்பு பார்க்கும் கருவி பேனா அளவுதான், ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்தால் எண் தெரிந்துவிடும். கலங்கல் எப்போது வழிந்தது, வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு என்பதெல்லாம் பதிவாகட்டும். எல்லாம் தமிழில், ஊர்ப் பொது இடத்தில், பலகையில் எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கென்று இரண்டு மதிப்பலகுப் பாடத்தை ஏற்கெனவே வகுத்திருக்கிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை கிடைக்காது.

தூர்வாருவது கல்லூரியின் வேலையா என்று கேட்பார்கள். இல்லை, அது அரசின் வேலை. அளப்பதும் ஆராய்வதும் கற்பிப்பதும் கல்லூரியின் வேலை. அதை வளாகத்துக்கு வெளியே, ஏரிக்கரையில் செய்யச் சொல்கிறோம், அவ்வளவே. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணை திறப்பால் தென்பெண்ணை பெருகிப் பாகூர்க் கிராமங்கள் மூழ்கின. கோடையில் கிணறு உவர்க்கும் அதே கொம்யூன்தான் மழையில் மிதக்கிறது. ஏரியின் கொள்ளளவும் வாய்க்காலின் நிலையும் தெரியாமல் இவ்விரண்டில் எதற்கும் தயாராக முடியாது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் நெடுங்காலமாக நடக்கவில்லை. கல்லூரி ஓர் ஊருடன் பேச வந்தால், ஊர் சார்பில் உட்கார்ந்து பேச மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து இல்லை. தேர்தலை நடத்தும் கடமையிலிருந்து அரசு தப்பிக்க முடியாது. அதுவரை ஏரிச் சங்கங்களையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் ஏரியை ஏற்கும் ஒப்பந்தத்தில் சமபங்காளிகளாக வைத்துக் கல்லூரிகள் கையெழுத்திடட்டும். பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவு தன்னிடம் உள்ள ஏரி வரைபடங்களையும் பழைய அளவுகளையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.